ஹஜ்ரத்துக்குச் சம்பளம் பத்துமா?



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை நாம் திட்டக்குடியில் ஜும்ஆ தொழுதோம். தொழுகை முடிந்து வெளியே வருகையில் பெரியவர் ஒருவர் ஸலாம் சொல்லி முஸாபஹா செய்தார். பிடித்த கையை அவர் விடவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்குப் பல வருஷங்கள் பஸ் ஏறிப் போய் வந்து, அந்தக் கூலியிலேயே மகனை ஓதவைத்து ஆலிமாக்கியவர் அவர்.

"மெட்ராஸ் பக்கம் ஒரு பள்ளிவாசலில் மகனை இமாமத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஹஜ்ரத். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவிலாம். மாதம் 18,000 ரூபாய். மருமகளும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்துமா?" என்று கேட்டார்.

'ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், தவக்குல் வையுங்கள்' என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்திருக்கலாம். அது சத்தியமான வார்த்தைதான். ஆனால் அவர் கேட்டது கணக்கு. ஆகவே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கே போட்டோம். மகனும் அருகில் இருந்தார். மருமகள் கதவுக்குப் பின்னாலிருந்து விட்டுப்போனவற்றை எடுத்துக் கொடுத்தார்.

மகன் நேரில் போய் விசாரித்து வந்த மாடிவீட்டுக்கு வாடகை 9,000. வீட்டுக்காரர் கேட்கும் கரண்டுக் காசு 600. குடிக்கக் கேன் தண்ணீர், மாதம் 20 கேன், 35 ரூபாய் வீதம் 700. கேஸ் 900. அரிசி ரேஷனில் வந்துவிடும். கார்டை மட்டும் புது விலாசத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பால், காய்கறி, மளிகை 6,000. பிள்ளைகள் படிப்புக்கு 1,500. ஊரில் அத்தா அம்மாவுக்கு 2,000. டெலிபோன் 300. கூட்டினால் 21,000 ரூபாய். நோய் நொடி, பெருநாள் துணி, ஊருக்கு வந்துபோகும் பஸ் கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை. கையில் வருவதோ 18,000.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறாராம், அதாவது 90,000. சென்னையில் அது பழைய வழக்கம். ஆனால் 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019இல் அமலுக்கு வந்தபின், குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதே பொது விதி. அப்படிப் பார்த்தால் 27,000தான் ஆகிறது. வாடகை வீடு தேடும் நம் மக்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முன்பணத்துக்காக மருமகளின் நகையை வட்டிக்கு அடகு வைக்கலாமா என்று பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது நமக்கு நெஞ்சு அடைத்தது. வட்டி ஹராம் என்று மிம்பரில் நின்று சொல்லப் போகிற ஆலிம், அந்த மிம்பருக்குப் போவதற்கே வட்டிக்கடை வழியாகத்தான் போக வேண்டுமா?

கமிட்டிக்காரர்களும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். "பள்ளியிலேயே அறை இருக்கிறது. ஹஜ்ரத் அதில் தங்கிக்கொள்ளட்டும். குடும்பம் ஊரில் இருக்கட்டும்." கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. நம் நாட்டில் எத்தனையோ இமாம்கள் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். நாற்பது நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, பிள்ளைக்கு முகம் பழகுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். போர்முனைக்குப் போன கணவனை எண்ணி இரவில் ஏங்கிய பெண்ணின் குரலைக் கேட்ட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசனை கேட்டு, படைவீரர்களை வீட்டைவிட்டு நெடுங்காலம் பிரித்து வைக்காதபடி கெடு விதித்தார்கள் என்று அறிகிறோம். அது யுத்த காலத்துச் சட்டம். நம் மஹல்லாவில் என்ன யுத்தம் நடக்கிறது?

இங்கே ஒரு பெரும் சரித்திரத்தை நினைவூட்ட வேண்டும். ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) கலீஃபாவான ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் அப்போது வசித்தது மதீனா நகருக்குள் அல்ல. வெளியே ஸுன்ஹ் என்ற பகுதியில், இன்று நாம் புறநகர் என்கிறோமே அப்படிப்பட்ட இடத்தில். சில நாள் நடந்தும் சில நாள் குதிரையிலும் மஸ்ஜிதுந் நபவிக்கு வந்து, மக்களுக்குத் தொழவைத்துவிட்டு, இஷாவுக்குப் பின் வீடு திரும்புவார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் ஆடுகளுக்குப் பால் கறந்து கொடுப்பதும் அவர்களுடைய வழக்கம். கலீஃபாவான பிறகும் அதை விடவில்லை.

ஜீவனத்துக்குத் துணி வியாபாரம். பொறுப்பேற்ற பிறகும் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்கள். வழியில் கண்ட உமர் (ரலி) அவர்கள், முஸ்லிம்களின் காரியத்தை ஏற்றுக்கொண்டு வியாபாரமும் செய்வது எப்படி என்று வினவ, அப்படியானால் என் குடும்பத்துக்கு எங்கிருந்து உணவளிப்பேன் என்று கலீஃபா கேட்டார்கள். நம் திட்டக்குடிப் பெரியவர் கேட்ட அதே கேள்வி! அதைக் கேட்டவர் சித்தீக் (ரலி). அவர்களுக்குத் தவக்குல் இல்லை என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

கேள்வியை ஸஹாபாக்கள் தட்டிக் கழிக்கவில்லை. பைத்துல்மாலிலிருந்து, முஹாஜிர்களில் நடுத்தரமான ஒருவருக்கு ஆகும் உணவும், கோடைக்கும் குளிருக்கும் உடையும் நிர்ணயித்தார்கள். ஆடம்பரக்காரர் அளவும் அல்ல, பரம ஏழை அளவும் அல்ல. நடுத்தரம் என்ற அந்த அளவுகோலை நாம் கவனிக்க வேண்டும். பின்னாளில் மதீனாவில் பிள்ளைகளுக்குக் கற்பித்த மூன்று ஆசிரியர்களுக்கு உமர் (ரலி) அவர்கள் ஆளுக்கு மாதம் 15 திர்ஹம் கொடுத்து வந்ததாகவும் ரிவாயத் வருகிறது.

நம்முடைய சேவைக்கு ஒருவரை அமர்த்தினால் அவருக்கு மனைவியும், பணியாளும், குடியிருக்க வீடும் கிடைக்க இடம் செய்த நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் எடுப்பது மோசடி என்றும் அதே ஹதீஸ் எச்சரிக்கிறது. வாங்குகிறவருக்கு எல்லை போட்ட அதே ஹதீஸ்தான், கொடுக்கிறவர் மீது குடும்பத்தையும் வீட்டையும் சேர்த்துச் சுமத்துகிறது. கமிட்டியார் காட்டும் பள்ளி அறை இதில் எந்த இடத்தில் வருகிறது?

"இமாமத்துக்குக் கூலி வாங்கலாமா?" என்று சிலர் மஸ்அலா பேசுவார்கள். முற்காலத்து ஹனஃபி இமாம்கள் கூடாது என்றது உண்மையே. அன்று பைத்துல்மால் ஆலிம்களைத் தாங்கியது. அது நின்றுபோனதும், தொழுகையும் குர்ஆன் கல்வியும் பாழாகிவிடுமென அஞ்சிப் பிற்காலத்து உலமாக்கள் அனுமதித்தார்கள். பைத்துல்மாலின் இடத்தில் இன்று ஜமாஅத் நிற்கிறது. நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1993இல், அகில இந்திய இமாம்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், இமாம்களுக்கு ஊதியம் உண்டு என்று தீர்ப்பளித்து, அதற்குத் திட்டம் வகுக்கச் சொன்னது.

வாங்குகிற பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. வீண்விரயமும் கருமித்தனமும் இல்லாத நடுவழியை ஃபுர்கான் ஸூராவின் 67ஆவது வசனம் காட்டுகிறது; அது ஆலிமுக்கும் உண்டு. சித்தீக் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13இல் வஃபாத்தாகும் வேளையில், தண்ணீர் இறைத்த ஒட்டகத்தையும் ஒரு பழைய போர்வையையும்கூட அடுத்த கலீஃபாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். ஆனால் அந்த எளிமையை அவர்கள் தாமாக ஏற்றார்கள். யாரும் அவர்கள் மீது சுமத்தவில்லை. கனாஅத் என்பது நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டிய உபதேசம். அடுத்தவருடைய சம்பளத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் அதைப் பேசக்கூடாது. நம் மகனுக்குக் கம்பெனியில் சம்பளம் பேசும்போது யாராவது கனாஅத்தைப் பற்றிப் பேசுகிறோமா?

அந்த மஹல்லாவில் சந்தா கொடுக்கும் வீடுகள் இருநூறு என்று மகன் விசாரித்து வந்திருந்தார். குறைகிற 3,000 ரூபாயை இருநூறு வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்குப் பதினைந்து ரூபாய். மருந்துக்கும் துணிக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 5,000 என்றே வைத்தாலும் இருபத்தைந்து. இரண்டு தேநீருக்கும் போதாத காசு அது. கமிட்டியில் மனமில்லாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. இப்படி உட்கார்ந்து ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கு டைல்ஸ் பதிக்கும்போது மட்டும் சதுர அடிக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகப் போடுகிறோம்.

கணக்கு எழுதிய தாளையும் ஒரு கடிதத்தையும் பெரியவரிடம் கொடுத்து, மகன் கையால் கமிட்டித் தலைவரிடம் சேர்க்கச் சொன்னோம். வாடகை வீட்டுக்கு வழி செய்து, முன்பணத்தை ஜமாஅத்தே வட்டியில்லாத கடனாகக் கொடுத்து, மாதாமாதம் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கிறோம். பெரியவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதை எழுதும் வரை பதில் வரவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பிள்ளைகளை அங்கே சேர்ப்பதா இங்கே சேர்ப்பதா என்பது அதற்கு முன் தெரிந்தால் தேவலை என்று, நாம் புறப்படும்போது கதவுக்குப் பின்னாலிருந்து மருமகள் சொன்னார்.