விலாங்கும் ஒயினும்: பாவம் எங்கே?

ரோமுக்கு வடக்கே, போல்சேனா ஏரியைப் பார்த்தபடி நிற்கும் மலையூர் மோன்தேஃபியாஸ்கோனே. அங்கு விளையும் வெள்ளை ஒயின் ‘எஸ்ட்! எஸ்ட்!! எஸ்ட்!!!’ த்ரெப்பியானோ, மால்வாசியா திராட்சைகளின் கலவை. லேசானது, இளம்புளிப்பு, ஏரி மீன் வறுவலுக்குக் கச்சிதம். கொழுத்த இறைச்சிக்கு முன்னால் எடுபடாது.

1111-இல் ரோமுக்குப் புறப்பட்ட ஜெர்மானிய ஆயர் ஒருவர், இந்த ஒயினைக் குடித்துக் குடித்தே இங்கு மாண்டார் என்பது ஊர்க்கதை. சான் ஃபிளாவியானோ தேவாலயத்தில் அவர் கல்லறையைக் காட்டுகிறார்கள்.

போல்சேனா விலாங்கையும் ஒயினையும் விரும்பி உண்ட போப் நான்காம் மார்ட்டினையோ, கவிஞர் தாந்தே தம் காவியத்தில், பாவம் கழுவும் உத்தரிப்பு ஸ்தலத்தில் பட்டினி போட்டார்.

அப்படியானால் ருசியே பாவமா?

இல்லை என்றார் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். உண்ணும் ஆசை குற்றமல்ல. அறிவின் கட்டுக்கு மீறிய ஆசைதான் பெருந்தீனி. திருப்பலியிலேயே ஒயினை வைத்திருக்கும் கத்தோலிக்கம் வேறு பதில் சொல்லியிருக்கவும் முடியாது.