நளன் எண்ணிய மரம்



புரட்டாதிச் சனி வந்துவிட்டால் எமது ஆலயத்தில் எள்ளெண்ணெய்ச் சட்டி வைக்க இடம் போதாமல் நீண்ட வரிசை நிற்பது யாவரும் அறிந்ததே. வரிசையில் நிற்பவர்களில் பலர் நளச்சக்கரவர்த்தியை நினைத்துக்கொண்டே விளக்கேற்றுகிறார்கள். நளனைப் பிடித்த சனி திருநள்ளாற்றில் விலகியது என்பது எமது முன்னோர் சொல்லிவைத்த ஐதீகம். ஆனால் நளன் ஏன் அந்த நிலைக்கு வந்தான் என்று இளம் பிள்ளைகளிடம் கேட்டால், "ஏழரைச் சனி" என்று மட்டுமே விடை வருகிறது. அவன் நாட்டை இழந்தது சூதாடி. இவ்வருடம் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கைத்தொலைபேசியில் சூதாடிக் கடனில் மூழ்கிய குடும்பங்கள் எம்மிடையே உண்டு. இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருப்பவர்களிலும் உண்டு.

மகாபாரதத்தில் இக்கதை எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பகடையில் எல்லாவற்றையும் தோற்றுக் காட்டில் இருக்கிறார் தருமபுத்திரர். தம்மைவிடத் துர்ப்பாக்கியசாலி உலகில் உண்டா என்று அவர் கேட்கிறார். பிருகதசுவ முனிவர் அவரை ஏசவில்லை, அறிவுரை மூட்டையை அவிழ்க்கவுமில்லை. "உன்னைப் போலத் தோற்ற ஒருவன் இருந்தான், மீண்டும் எழுந்தான், கேள்" என்று கதை சொல்லத் தொடங்குகிறார். சூதில் விழுந்தவனுக்கு முதலில் வேண்டியது எது என்பதை முனிவர் அறிந்திருக்கிறார். தோற்றவர்கள் வட்டமாக இருந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்கும் சங்கம் 1957இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கி இன்று இந்நாட்டிலும் நடக்கிறது. எமது வனபர்வத்தில் அது எப்போதோ நடந்துவிட்டது.

கலி நளனைப் பிடிக்கப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தான். அவ்வளவு ஒழுக்கமுள்ள அரசன். ஒருநாள் கால் சரியாகக் கழுவாமல் சந்தியாவந்தனத்துக்குப் போனான்; அந்தச் சிறு இடைவெளியால் கலி உட்புகுந்தான். எமது இளைஞர்களுக்கு அந்த இடைவெளி எதுவென்று விசாரித்துப் பார்த்தோம். பெற்றோல் நிலையத்தில் இராவேலை, அதிகாலை இரண்டு மணி, வாடிக்கையாளர் இல்லை, தொலைபேசியில் "பத்துச் சுழற்சி இலவசம்" என்றொரு செய்தி. கிரிக்கெட் பார்க்கையில் ஒரு பவுண் பந்தயம். இவ்வளவுதான் ஆரம்பம். குடியென்றால் வாடை காட்டிக்கொடுக்கும். இது படுக்கையில் மனைவிக்குப் பக்கத்தில் கிடந்தபடியே நடக்கும்.

நாம் கணக்குத் தொழில் செய்பவர்கள் என்பதால் இந்த ஆட்டத்தின் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. இந்நாட்டுச் சட்டப்படி இணையச் சுழல் ஆட்டமொன்று ஆகக் குறைந்தது 2.5 விநாடி எடுக்க வேண்டும். அப்படியென்றால் மணிக்கு 1,440 ஆட்டம் ஆடலாம். 100 பவுணுக்கு 95 பவுண் திருப்பித் தருவதாக எழுதியிருக்கும். கேட்பதற்குத் தாராளமாகத்தான் தெரிகிறது. ஆட்டத்துக்கு ஒரு பவுண் வைத்தால் மணிக்கு 1,440 பவுண் சுழல்கிறது, அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 72 பவுண், சராசரியாகக் கம்பனிக்குப் போகிறது. 2025 ஏப்ரல் மாதம் தொட்டு ஓர் ஆட்டத்துக்கு 5 பவுணுக்கு மேல் வைக்க முடியாது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவ்வருடம் மே மாதம் தொட்டு 2 பவுண்தான். ஐந்து பவுண் வைப்பவர் மணிக்கு 360 பவுண் இழக்கும் கணக்கு இது. வெல்லும் நாள் வரும்தான். வென்ற காசு அதே 95க்குள் திரும்பப் போய்ச் சுழல்வதால் அது வீடு வந்து சேர்வதில்லை.

சிலர் பிள்ளையாரையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். "வென்றால் பாதி உண்டியலுக்கு." பிள்ளையார் இதற்குக் கையெழுத்து வைத்ததாக எமக்குத் தெரியவில்லை.

கதைக்கு வருவோம். நளன் மாதக் கணக்கில் ஆடுகிறான், மந்திரிமார் வாசலில் வந்து நிற்கிறார்கள், அவன் பார்க்கவே மாட்டேன் என்கிறான். அப்போது தமயந்தி என்ன செய்தாள்? அழுதாள், கெஞ்சினாள், அது வரை சரி. பிறகு தேர்ப்பாகனை அழைத்து இரண்டு பிள்ளைகளையும் விதர்ப்ப நாட்டிலுள்ள தன் பெற்றோரிடம் அனுப்பிவைத்தாள். எல்லாம் போவதற்கு முன்பே அனுப்பினாள். கணவனைக் கைவிடவில்லை, அவனோடு ஒற்றைப் புடைவையுடன் காட்டுக்கும் போனாள். ஆனால் பிள்ளைகளைச் சூதுக் களத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டாள். எமது சகோதரிகள் சிலர், "அவருடைய கணக்கை நான் பிரித்தால் அவரை நம்பவில்லை என்றல்லோ ஆகும்" என்று கேட்கிறார்கள். தமயந்தியைவிடப் பதிவிரதை யார்? சம்பளத்தைத் தனிக் கணக்கில் போடுவதும், பிள்ளைகளின் சேமிப்பைத் தம் பொறுப்பில் எடுப்பதும், கூட்டுக் கணக்கிலுள்ள மேலதிகப் பற்றை மூடச் சொல்வதும், நகைகளை ஒரு சகோதரி வீட்டில் வைப்பதும் தமயந்தி காட்டிய வழியே.

அடுத்து வரும் நிகழ்ச்சியே எம்மைப் பொறுத்தவரை கதையின் நடுநாயகம். காட்டில் பசியோடிருந்த நளன் பொன்னிறப் பறவைகளைக் காண்கிறான். பிடித்தால் உணவுமாகும், பொன்னுமாகும் என்று உடுத்திருந்த ஒரே துணியை அவற்றின் மீது வீசுகிறான். பறவைகள் துணியோடு பறந்துபோகின்றன. "நாங்கள்தான் அந்தப் பகடைகள், நீ துணியோடு போனதில் எங்களுக்குத் திருப்தியில்லை" என்று அவை சொல்கின்றன. இழந்ததை இன்னொரு முறை போட்டு எடுத்துவிடலாம் என்று சீட்டுக் காசையும் தாலிக்கொடியையும் வீசுகிறவர்கள் இந்தப் பறவைகளைத்தான் துரத்துகிறார்கள். 2020 ஏப்ரல் 14 தொடக்கம் கடனட்டையால் சூதாடுவது இங்கு தடை. அதனால் எம்மவர் வங்கியில் "வீடு திருத்த" என்று கடன் எடுத்து அதை வீசுகிறார்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கை, அவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறோம். ஊரிலுள்ள தாயாருக்கு மாதாமாதம் போகும் காசு இரண்டு மாதம் நின்றது. தாயார் மருமகளிடம் தொலைபேசியில் கேட்டபோதுதான் விடயம் வெளியில் வந்தது. கணவர் எம்மிடம் வந்திருந்து, "அண்ணை, எல்லாமாக ஒரு இருபதாயிரம் வரும்" என்றார். நாம் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கடனட்டை மூன்றில் 17,300. வங்கிக் கடன் இரண்டில் 14,500. எடுத்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் சீட்டு 6,000. நண்பர்களிடம் 3,800. மொத்தம் 41,600 பவுண். அவர் பொய் சொன்னதாக நாம் நினைக்கவில்லை. அவர் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் இருதுபன்ன மன்னனின் தேரை நினைவுகூர வேண்டும். நளன் உருமாறி வாகுகன் என்ற பெயரில் தேர் ஓட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அந்நாளில் தான்றிக்காயே சூதாட்டக் காய் என்பதை மறக்கக் கூடாது. மன்னன் ஒரே பார்வையில் மரத்திலுள்ள இலையும் காயும் இத்தனை என்கிறான். நளன் தேரை நிறுத்திவிடுகிறான். நேரம் போகிறது என்று மன்னன் பதறியும் கேட்கவில்லை. மரத்தைத் தறித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. மன்னனிடம் அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டு, குதிரை வித்தையைக் கொடுக்கிறான். எண்ணும் வித்தை உள்ளே போன கணத்தில் கலி நஞ்சைக் கக்கிக்கொண்டு வெளியே வருகிறான். கார்க்கோடகன் கடித்த விடம் அத்தனை நாளும் உள்ளே கலியை வாட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் வெளியேறியது எண்ணி முடித்த பிறகுதான்.

எள்விளக்கை எரியுங்கள், நாமும் எரிக்கிறோம். விளக்கு எரிந்து முடிய வீட்டுக்குப் போய், லாச்சிக்குள் திறக்காமல் கிடக்கும் கடிதங்களை எடுத்து எண்ணுங்கள்.

அந்தக் குடும்பம் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதல் நாளே கணவர் கேம்ஸ்ரொப் என்னும் இலவசப் பதிவில் தம்மை விலக்கிக்கொண்டார். 2020 மார்ச் 31 தொடக்கம் பிரித்தானிய அனுமதி பெற்ற எல்லா இணையச் சூதாட்டக் கம்பனிகளும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தெரிவு உண்டு. காலம் முடியுமுன் மனம் மாறினாலும் திறக்க மாட்டார்கள். அவர் ஐந்து வருடத்தைத் தெரிந்தார். அனுமதியில்லாத வெளிநாட்டு இணையத்தளங்களை இது தடுக்காது. ஆகவே வங்கியிலும் சூதாட்டக் கொடுப்பனவைத் தடை செய்வித்தார். சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போனது.

பிறகு ஓர் இலவசக் கடன் ஆலோசனை அறக்கட்டளைக்குப் போனார்கள். ஸ்ரெப்சேஞ்ச், நஷனல் டெற்லைன் போன்றவை காசு வாங்குவதில்லை. காசு வாங்கிக்கொண்டு கடனைத் தீர்த்துத் தருவோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் தொடக்கம் ஆலோசகர் மூலமாக 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் கேட்கலாம். அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அபராதமும் ஏறாது, அறவிடும் நடவடிக்கையும் நிற்கும். வாடகையும் கவுன்சில் வரியும் மின்கட்டணமும் முதலில் கட்ட வேண்டியவை. கடனட்டைக்காரன் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவன் பின்னுக்குத்தான்.

இருவரின் வருமானம் மாதம் 3,600. வாடகை 1,450, கவுன்சில் வரி 170, மின்சாரம் எரிவாயு தண்ணீர் 160, சாப்பாடு 520, போக்குவரத்து 200, பிள்ளைகளுக்கு 150, தொலைபேசி முதலிய சில்லறை 100, ஊரில் தாயாருக்கு 100. அந்த நூறை வெட்டச் சொல்லி எமக்கு வாய் வரவில்லை. ஆலோசகரிடம் ஒளிக்காமல் சொல்லப்பட்டது, அவரும் ஏற்றார். மிச்சம் 750. அதில் 50ஐ அவசரத்துக்கென்று ஒதுக்கினால் 700. கடன்காரர்கள் வட்டியை நிறுத்தச் சம்மதித்தார்கள், எல்லோரும் எப்போதும் சம்மதிப்பதில்லை. 60 மாதத்தில் முடியும்.

இதில் எமது சமூகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று வந்தது. சீட்டுக்காரருக்கும் நண்பர்களுக்கும் முதலில் கட்டிவிட வேண்டும், ஊர் கதைக்கும் என்று கணவர் நின்றார். மானம் பெரிதுதான். அதற்காக வேறிடத்தில் வட்டிக்கு வாங்கி இங்கே கட்டுவது பறவையின் மீது துணி வீசும் வேலை. கடைசியில் எல்லோருக்கும் விகிதப்படி என்று முடிவாயிற்று: சீட்டுக்கும் நண்பர்களுக்கும் மாதம் 165, வங்கிகளுக்கும் கடனட்டைகளுக்கும் 535. சீட்டுப் பிடித்த அக்காவிடம் கணவன் மனைவி இருவருமாகப் போய் உண்மையைச் சொன்னார்கள். அவர் கோபித்தார். பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

மாமனார் ஊர்க் காணியை விற்று ஒரே தடவையில் கட்டிவிடுவதாகச் சொன்னார். நாம் வேண்டாம் என்றோம். கடன் ஒரே நாளில் மறைந்தால் கடனட்டைகள் வெறுமையாகி மீண்டும் அழைக்கும். மாதா மாதம் கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு மாதமும் மரத்தை எண்ணும் வேலை கிடைக்கிறது.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். கதை முடிவில் நளன் மீண்டும் புட்கரனோடு ஆடி வென்று நாட்டை எடுக்கிறான். கைத்தொலைபேசிக்காரர்கள் இந்த இடத்தைத்தான் இறுகப் பிடிப்பார்கள். நளனுக்கு எதிரே ஒரு மனிதன் இருந்தான், நளனுக்கு எண் வித்தை தெரிந்திருந்தது. எமக்கு எதிரே இருப்பது நூற்றுக்கு ஐந்தை எடுக்கும்படி முன்பே கட்டப்பட்ட இயந்திரம். இதற்கு ஒரு வித்தையுமில்லை. எமக்குரிய மறு ஆட்டம் அந்த 60 மாதம்தான்.

நிர்வாக சபையினர் கோபிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று சொல்கிறோம். எமது ஆண்டு விழாவில் சிறு பிள்ளைகள் கையில் கொடுத்து அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பதை இம்முறை நிறுத்திப் பார்க்கலாம். குறையும் காசுக்கு நாம் சில குடும்பங்கள் பொறுப்பு.

வெட்கம் தாங்காமல் உயிரை மாய்க்க நினைப்பவர்களும் உண்டு. அப்படி ஓர் எண்ணம் வந்தால் 116 123 என்ற இலக்கத்தில் சமாரித்தன்ஸ் அமைப்பினர் இரவு பகலாகக் கேட்கிறார்கள், கட்டணமில்லை. சூதாட்ட நோய்க்கு அரச வைத்திய சேவையின் முதற் சிகிச்சை நிலையம் 2008இல் இலண்டனில் திறக்கப்பட்டது. 2024 அளவில் இங்கிலாந்தில் 15 ஆயின. குடும்ப வைத்தியரின் கடிதமில்லாமலே தாமாகத் தொடர்புகொள்ளலாம். இது வைத்தியம் பார்க்கவேண்டிய நோய் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன குடும்பம் இப்போது 23ஆவது மாதத்தில் நிற்கிறது. 16,100 பவுண் கட்டியாகிவிட்டது, 25,500 மிச்சம். கணவருக்குச் சென்ற மாதம்தான் மனைவி ஒரு வங்கி அட்டை கொடுத்திருக்கிறார், கிழமைக்கு 40 பவுண் மட்டும் போட்டு.

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் பூசை முடிந்து அன்னதானம் நடக்கும் வேளையில் நாம் மண்டபத்தின் பின்னறையில் இருப்போம். கடிதங்களைப் பிரிக்காமலே பையோடு கொண்டுவரலாம். பிரிப்பதை அங்கே சேர்ந்து செய்யலாம்.