வாசற்படியில் கேட்கும் கேள்வி

நடந்து களைத்த மனிதன் ஒருவன் அந்நியர் வாசலில் வந்து நிற்கிறான். கால் வலிக்கிறது, நா வறண்டிருக்கிறது. அந்த வாசலில் அவனிடம் முதன்முதலாகக் கேட்கப்படுகிற கேள்வி எது? ஒரு சமூகத்தின் தராதரத்தை அந்த ஒரு கேள்வியைக் கொண்டே எடை போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலை நடையில் விருப்பமுள்ள ஆங்கிலேயர்களுக்கு நாட்டுப்புறத்து மதுச்சாலை ஒரு தங்குதுறை. ஈரக் காலணியோடு உள்ளே போகலாம், கணப்பருகில் அமரலாம், ஒரு கோப்பை பீர் வாங்கிக்கொண்டு முன்பின் அறியாதவரோடு வழியைப் பற்றிப் பேசலாம். அங்கே கேட்கப்படும் கேள்வி, ‘காசு இருக்கிறதா?’ என்பது. இருந்தால் பிரபுவும் கொத்தனும் அங்கே ஒன்று.

நம் பக்கம் அப்படி ஓர் இடம் உண்டா? மதுரைக்கு வடமேற்கே உள்ள ஆனையூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். அதற்குச் சற்றுத் தொலைவில்தான் திண்டுக்கல் சாலை. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடப்பவர்கள் கூட்டங்கூட்டமாகப் போகும் சாலை. வடகிழக்கே அழகர்மலை, நூபுர கங்கையில் நீராட மலையேறுகிறவர்கள் ஆண்டு முழுவதும் உண்டு. ஆக, நடப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் இவர்களில் யாரும் மதுக்கடையைத் தேடிப் போய் இளைப்பாறுவதில்லை. விரதக்காரர்கள் என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971-இல் தளர்ந்தது, மறுபடி வந்தது, போனது, 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. கம்பி வலைக்குள் கையை நீட்டிப் புட்டி வாங்கும் இடமாக அது இருக்கிறதே தவிர, உட்கார்ந்து உறவாடும் இடமாக இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை அறிந்தவன் எவனும் வருந்தமாட்டான். நான் கேட்பது வேறு: களைத்தவனுக்கு வாசல் திறக்கும் பொறுப்பை நம்மிடையே யார் ஏற்றார்கள்?

சத்திரங்கள் ஏற்றன என்று உடனே பதில் வரும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் ஒன்று இருக்கிறது. அவள் ஆண்டது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும். சாலைகளும் சத்திரங்களும் அவள் பெயரை இன்றும் நிலைநிறுத்துகின்றன. சத்திரத்தில் காசு கேட்பதில்லை. உயர்ந்த தர்மந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றின் வாசலில் வேறொரு கேள்வி காத்திருந்தது: ‘நீ என்ன சாதி?’ இலையில் சோறு விழுமா, விழுந்தால் எந்தப் பந்தியில் விழும் என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. கொடுக்கிறவன் கை மேலே இருப்பதால், கேட்கும் உரிமையும் தனக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். தானத்தின் நோய் அது.

அப்படியானால் காசு கேட்கும் கடையே நாகரிகமானது என்று சொல்லிவிடலாமா? நாணயத்துக்குச் சாதி இல்லை என்று பேசுவது எளிது. ஆனால் நம் ஊர்த் தேநீர்க் கடைகள் காசையும் வாங்கிக்கொண்டு, தனிக் குவளையையும் நீட்டினவை அல்லவா? 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கடையும் உணவு விடுதியும் எல்லாருக்கும் பொது என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. எழுதிய பிறகும் அந்த இரட்டைக் குவளை பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. காசு தானாக வாசலைத் திறக்கவில்லை. சட்டமும் போராட்டமும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. திறந்த பின்னும் காசில்லாதவன் வெளியேதான் நிற்கிறான்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் முதுகெலும்பு போலக் கிடக்கும் பென்னைன் மலைத்தொடரில் 1965-இல் ஒரு நடைபாதை திறக்கப்பட்டது. ஏறக்குறைய 430 கிலோமீட்டர். அது ஸ்காத்லாந்தில் கிர்க் யெத்தம் என்ற சிற்றூரில் ஒரு விடுதியின் வாசலில் முடிகிறது. அந்தப் பாதைக்கு 1968-இல் வழிகாட்டி நூல் எழுதிய வெயின்ரைட் என்பவர், முழுப் பாதையையும் நடந்து முடித்து வருகிறவர்களுக்கு அந்த விடுதியில் அரைக் கோப்பை பீர் தம் செலவில் என்று ஏற்பாடு செய்தார். 1991-இல் இறக்கும்வரை பணம் கொடுத்து வந்தார். பெற்றவர்களில் பெரும்பாலோரை அவர் கண்டதே இல்லை. காடும் சேறும் கடந்து ஒருவன் உண்மையாகவே நடந்தானா என்று வழியெல்லாம் நின்று பார்க்க ஆள் கிடையாது. ‘நடந்தாயா?’ என்ற கேள்விக்கு அவன் சொல்லே சாட்சி.

இது நமக்குப் புதிதன்று. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரின் ஊர் இரணியமுட்டத்தில் இருந்தது. அழகர்மலையைச் சூழ்ந்த நிலந்தான் அது என்பர் அறிஞர். செங்கண் மாத்து நன்னனிடம் போகும் கூத்தர்க்கு அவர் மலைவழி சொல்கிறார். வழியில் உள்ள குடிகளில் சொந்த வீட்டைப் போல நுழையலாம். நன்னனைக் காணப் போகிறோம் என்றால் போதும். ஊனும் தினைச்சோறும் மூங்கிற்குழாயில் விளைந்த கள்ளும் கிடைக்கும் என்கிறார். அங்கும் வழிப்போக்கன் சொல்லே சீட்டு.

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சொன்னார்களே, பொய் சொல்லிக் குடித்துவிட்டுப் போகிறவன் இருப்பானே?’ என்று கேட்கலாம். இருப்பான். பத்துப் பேரில் ஒருவன் இருக்கட்டும். அவனால் இழப்பது ஒரு கோப்பை. அவனைப் பிடிப்பதற்காக மற்ற ஒன்பது பேரையும் வாசலில் நிறுத்தி விசாரித்தால் இழப்பது அவர்களுடைய மானம். கோப்பையை மீண்டும் நிரப்பலாம். மானத்தை நிரப்ப முடியுமா? பெருஞ்செல்வத்தைக் கொடுக்கும்போது பாத்திரம் அறிவது விவேகம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கும்போது அது கஞ்சத்தனத்தின் மறுபெயர்.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அழகர் மதுரைக்கு வரும் நாட்களில், அழகர்கோயில் சாலையின் இருமருங்கிலும் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். கொடுக்கிறவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீளும் கையைத்தான் பார்க்கிறான். ஆண்டில் சில நாள் நமக்குக் கைவரும் அந்தப் பண்பு, திருவிழா முடிந்ததும் பந்தற்காலோடு பிடுங்கப்பட வேண்டும் என்று யார் விதித்தார்கள்?