படையில் ஓர் ஆள் குறைவு

மணவாழ்வில் துரோகம் செய்த ஆண், பெண் இருவருக்கும் மரணம் என்கிறது மோசேயின் சட்டம் (லேவியராகமம் 20:10). இந்தக் கடுமை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே சட்டத்தின் கனிவு அத்தனை பேர் கண்ணில் படுவதில்லை. புதிதாக மணமுடித்தவன் ஓராண்டுக்குப் போருக்குப் போக வேண்டாம், வேறு பொறுப்பும் அவன்மேல் சுமத்தப்படாது, வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்கிறது உபாகமம் 24:5. பகைவர் சூழ்ந்த ஒரு சிறு இனம், ஒரு பெண்ணின் சிரிப்புக்காகப் படையில் ஓர் ஆளைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தது! (நம் அலுவலகங்கள் தரும் கல்யாண விடுப்பை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.)

இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னபோது, தடை உள்ளம் வரைக்கும் போயிற்று. அந்தத் தடையை மீறாத கணவனும் பாதிக் கடனைத்தான் தீர்த்திருக்கிறான். மனைவி மகிழ்ச்சியாக இருக்கிறாளா என்பது மீதிப் பாதி. மல்கியா தீர்க்கதரிசியின் காலத்தில் சிலர், தங்கள் காணிக்கையைக் கடவுள் ஏன் ஏற்கவில்லை என்று பலிபீடத்தின்முன் அழுதார்கள். இளவயதில் கைப்பிடித்த மனைவிக்கு நீ இழைத்த துரோகத்துக்கு ஆண்டவரே சாட்சி என்று பதில் வந்தது.