கள்ளத்தோணி: ஒரு வசையின் வரலாறு

மருதானைக் கடைத்தெருவில் தமிழர் இருவர் சச்சரவிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் மற்றவரைக் 'கள்ளத்தோணி' என ஏசினார். "நான் அட்டனிற் பிறந்தவன்" என்பதே ஏசப்பட்ட இளைஞரின் மறுமொழி. அம்மறுமொழி அன்று முழுவதும் என்னை உறுத்தியது.

'கள்ள' என்னும் அடை, கள்ளநோட்டு, கள்ளச்சாவி என்பவற்றிற் போலப் பொருளையே சாரும். களவாகக் கடல் கடக்கும் தோணி கள்ளத்தோணி. அதில் வந்தவனை அப்பெயரால் அழைத்தல், 'ஊர் சிரித்தது' என்பது போன்ற இடவாகுபெயர். ஊர் சிரித்து முடிந்ததும் மீண்டும் ஊராகிவிடும். இங்கோ கரையேறியவனைத் தோணி விடவில்லை. அவன் பேரப்பிள்ளையையும் விடவில்லை.

தோணி கள்ளமானது எப்போது? தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சரக்குத் தோணிகள் நெடுங்காலம் ஓடின. உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1939 இல் தடைசெய்தது. இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948 இல் நிறைவேறியது. கடலும் தோணியும் மாறவில்லை, சட்டமே மாறிற்று. அதன் பின்னர் இரகசியமாக வந்தோரும் உளர். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் மலையகத் தமிழரின் முன்னோரிற் பெரும்பாலோர் அதற்கு முன்னரே, தோட்டத் துரைமாரின் தேவைக்காகத் திரட்டிக் கொணரப்பட்டவர்கள். 1901 முதல் இலக்கம் பொறித்த தகரத்துண்டு கொடுத்தே அவர்களை அனுப்பினர். அவர்களின் சந்ததியாரிற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது; 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அச்சீட்டு வைத்திருந்தவர்களின் வழியினரையே இவ்வசை துரத்துகிறது.

சிங்களப் பேச்சிலும் இச்சொல் புகுந்து தமிழர்மீது பாய்ந்தபோது நாம் நொந்தோம். நம் நாவிலிருந்து போன சொல் அது என்பதை எண்ணியவர் சிலரே.

இனி அவ்விளைஞரின் மறுமொழிக்கு வருவோம். அது உண்மைதான். ஆயினும் அவருடைய பாட்டனார் மெய்யாகவே இருளில் மன்னார்க் கரையில் இறங்கியவராயின் வசை நியாயமாகிவிடுமா? பிறந்த ஊரைச் சான்று காட்டியவர், தம்மை அறியாமலே, ஏசியவரின் அளவுகோலை ஏற்றுக்கொண்டுவிட்டார். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. அந்நேரத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் இலங்கைத் தமிழர் 155 பேர் மிதந்தனர். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு கப்பல் அவர்களை இரகசியமாகக் கொண்டுபோய் நடுக்கடலில் இறக்கிவிட்டிருந்தது. அவர்களை நாம் அகதிகள் என்றோம். வேறு பெயர் எவர் வாயிலும் வரவில்லை.