நாயும் மரியாதையும்

சில மாதங்களுக்கு முன் பாடி திருவலிதாயம் கோயில் பக்கத்திலிருந்து என் மகள்வயிற்றுப் பேத்தி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாதாரணத் தெருநாய்க் குட்டி, பழுப்பு நிறம். வீடெல்லாம் மூத்திரம் பெய்தது, செருப்பைக் கடித்தது, ஆள் வந்தால் மேலே பாய்ந்தது. எதிர்வீட்டு நண்பர், தொழிற்சாலையில் என்னோடு முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர், செய்தித்தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "ரெண்டு வைய்யா. அந்த பயம் இருக்கணும். அப்பத்தான் மரியாதை வரும்."

இரண்டு வைத்தேன். மறுநாளிலிருந்து, நான் வாசலில் நுழைந்ததும் குட்டி காதை மடித்துக்கொண்டு, வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்து, என் காலடியில் மூத்திரம் பெய்தது. திமிர் என்று எண்ணி மறுபடி அடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அச்சப்பட்ட குட்டிகள் பெரியவற்றின் முன் தம்மைச் சிறிதாக்கிக் காட்டும் விதம் அது என்று. நான் கேட்ட மரியாதையைத்தான் அது செலுத்தியிருக்கிறது. அதற்குத்தான் அடி வாங்கியிருக்கிறது.

நண்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பாஷையே அவர் கட்சி. பயமும் பக்தியும் பயபக்தி என்று ஒரே சொல்லாகிவிட்டன. அடியாத மாடு படியாது என்கிறோம். படிதல் என்றால் வண்டல்போல் அடியில் தங்குவது. அது போதாதென்று கீழ்ப்படிதல் என்று இன்னொரு 'கீழ்' சேர்த்துக்கொண்டோம். நாலடியார் நட்புக்கு நாயை உவமை சொல்கிறது. யானை நன்கு அறிந்த பாகனையே கொல்லுமாம். நாயோ எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலைக் குழைக்குமாம். சிறு வயதில் பாடமாகப் படித்தபோது நெகிழ்ந்திருக்கிறேன். இப்போது அந்த வால் எனக்குச் சங்கடம் தருகிறது. அதை நட்பு என்று அழைப்பது வேலை எறிந்தவனின் பக்கத்திலிருந்து பார்த்த பார்வை.

1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மனும் மேயரும் சில நாய்களுக்குத் தப்பிக்க வழியில்லாதபடி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பின்னர் தாண்டிப் போகக்கூடிய தடுப்பின் முன் விட்டபோதும் அவற்றில் பல தாண்டவில்லை, படுத்து முனகின. இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அவர்களே அதைத் திருப்பிப் போட்டார்கள். முடங்கிக் கிடப்பது கற்றதல்ல, நீளும் துன்பத்துக்கு உடல் தானாகவே தரும் பதில். கற்கவேண்டியிருப்பது, தன் செயலால் ஏதாவது மாறும் என்பதைத்தான். இது சரியென்றால் என் செய்தித்தாள் எதையுமே கற்பிக்கவில்லை.

முறையை மாற்றினேன். தூங்கி எழுந்ததும், தின்றதும், வெளியே கூட்டிப்போனேன். உரிய இடத்தில் போனால் டீக்கடைப் பொறையில் ஒரு துண்டு. 'உட்கார்' என்று சொல்லி, உட்கார்ந்தால் இன்னொரு துண்டு. இது லஞ்சம் என்றார் நண்பர். ஓரளவு உண்மைதான். பொறையும் அதிகாரத்தின் ஒரு வடிவமே. எத்தனையோ பேரை அடியைவிடப் பொறை நன்றாக அடக்கிவைத்திருக்கிறது. ஆனால் வயிறு நிறைந்திருந்தால் குட்டி உட்காராமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த மறுப்புக்கு அடியில் இடமில்லை. கழுத்துப்பட்டையை மட்டும் நான் கழற்றவில்லை. பாடி மேம்பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே சுதந்திரம் பற்றி வியாக்கியானம் செய்ய முடியாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் செய்த ஒரு சிறிய சோதனையைப் படிக்க நேர்ந்தது. 14 நாய்கள். தின்னாதே என்று எதிரே பண்டத்தை வைத்துவிட்டு எஜமானர் வெளியே போகிறார். திரும்பியதும் நாய் தின்றது, அல்லது தின்னவில்லை என்று அவரிடம் சொல்கிறார்கள். சில வேளைகளில் பொய் சொல்கிறார்கள். நாய்களின் 'குற்ற முகம்' தின்றதைப் பொறுத்து வரவில்லை, திட்டைப் பொறுத்து வந்தது. தின்னாமலே திட்டு வாங்கியவற்றிடம் இன்னும் அதிகமாக வந்தது.

என் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பெல்ட்டைக் கழற்றினேன். "மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா" என்று அவன் அம்மாவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. உடைத்தது அவன்தானா என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. இன்று அவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆவடியில் இருக்கிறான். நான் கூடத்துக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பான். வளர்ப்பு அப்படி என்று உறவினர்கள் சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். குட்டி என் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவன் எழுந்து நின்றான். அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன்.

"உட்காருப்பா" என்றேன்.

உடனே உட்கார்ந்தான்.