அடைத்தவன் பட்ட கடன்

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சிவனைப் பார்த்து இருக்காது, முதுகு காட்டி வாசலைப் பார்த்திருக்கும். குறும்பரோடு சண்டைக்குப் போன தொண்டைமான் மன்னனுக்குத் துணையாக இறைவன் அனுப்பியதால் திரும்பியது என்கிறது தலபுராணம். ஆவடி டாங்க் ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரதோஷத்துக்குப் போனால் அந்த நந்தியிடமே நின்றுவிடுவேன். மனுஷன் சண்டைக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்படிக் கேட்கும்போதெல்லாம், மனுஷன் சண்டையில் செத்த மிருகங்கள்தான் நினைவுக்கு வரும்.

1942 ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மெட்ராஸே மூட்டை கட்டியது. அப்போது மூர் மார்க்கெட் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது, உயிர் காலேஜ் என்று சொல்லப்பட்ட மிருகக்காட்சி சாலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று அரசாங்கம் பயந்தது. அந்த ஏப்ரலிலேயே மலபார் ஸ்பெஷல் போலீஸ் வந்து சிங்கம், புலி, சிறுத்தை, கரடிகளைச் சுட்டுக் கொன்றது. மறு வருஷம் டோக்கியோ உயெனோ பூங்காவில், விஷம் வைத்த உருளைக்கிழங்கைத் தின்னாத யானையைப் பட்டினி போட்டே சாகடித்தார்கள்.

ஊர்சனத்தைக் காக்கத்தானே, ஆபத்துக்குப் பாவம் இல்லை என்பார்கள். டாங்க் செய்த கை இது. போரே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். காட்டுப் புலி ஊருக்குள் வந்து ஆளை அடித்தால் சுடுவதில் நியாயம் உண்டு. கூண்டுப் புலி தானாக வரவில்லை. நாம் பிடித்து வந்து, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம். ஓட வழியில்லாமல் செய்தவன்தான் அதற்கு அடைக்கலம் தரவேண்டும். அந்தக் கடன் குண்டு விழும் நாளில் மட்டும் தள்ளுபடி ஆகாது.

ஆபத்து தர்மத்துக்கும் பிராயச்சித்தம் உண்டு. அதே தலபுராணத்தில், தன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை வெட்டப்போய், தொண்டைமான் வாள் லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்ததாம். தெரியாமல் செய்ததுதான். அதற்கே அவன் தன் தலையை அறுத்துக்கொள்ளப் போனான். அந்தக் காயத்துக்கு இன்றைக்கும் சந்தனம் பூசுகிறோம். சித்திரையில் மட்டும்தான் அதைக் களைவார்கள். 1942-ல் நாம் தெரிந்தே செய்தோம். இந்தக் காயத்துக்கு யார் சந்தனம் பூசினார்கள்?

வண்டலூரில் 1985-ல் திறந்த உயிரியல் பூங்கா அந்த உயிர் காலேஜின் தொடர்ச்சிதான். சுடப்பட்ட உயிர்களின் பெயரால், எல்லார் கண்ணிலும் படும்படி அதன் வாசலில் ஒரு கல் நட வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறவர்கள் இந்தக் கதையையும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.